1972 ஸ்ட்ராட் என்கிறார், நம்பி வாங்கலாமா?

ஆறுதந்தி

வணக்கம். கோவையில் ஒருவர் ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் (ஸ்ட்ராட்) எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை விற்கிறார். 1972 மாடல், அமெரிக்காவில் செய்தது, மாமா அங்கே வேலை பார்த்தபோது வாங்கி வந்தது என்கிறார். விலை இரண்டே முக்கால் லட்சம், கொஞ்சம் குறைப்பாராம். நான் சென்னையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போய்ப் பார்ப்பதாக எண்ணம், அதற்குள் இங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

படத்தில் தெரிகிற வரை: பெரிய ஹெட்ஸ்டாக் (தந்தி முறுக்கும் தலைப்பகுதி), கறுப்பு எழுத்தில் லோகோ, நட்டுக்கு (தலைக்குக் கீழே தந்தி தாங்கும் பட்டைக்கு) மேலே குண்டு வடிவ முனையோடு புல்லட் ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி), மேப்பிள் நெக் (கழுத்து), மர நிறத்திலேயே விட்ட பாடி. பின்பக்கம் நெக்கைப் பாடியோடு பிடிக்கிற, மூன்று ஸ்க்ரூ போட்ட தட்டு, அதில் எஃப் எழுத்து மட்டும் இருக்கிறது. சீரியல் நம்பர் எங்கே என்று கேட்டால் "அந்தக் காலத்து கிட்டாரில் அதெல்லாம் கிடையாது தம்பி" என்கிறார். வீடியோவில் சத்தம் அருமையாகத்தான் இருக்கிறது. என்ன சொல்கிறீர்கள்?

பழையமரம்

நம்பர் கிடையாது என்று சொன்னாரே, அங்கேயே கதை இடிக்கிறது. ஃபெண்டர் ஐம்பதுகளிலிருந்தே நம்பர் போட்டுத்தான் விற்றது. 1972இல் அது இருக்க வேண்டிய இடம் அந்த மூன்று ஸ்க்ரூ தட்டுதான், பெரிய எஃப் எழுத்தோடு சேர்ந்து ஆறு இலக்க எண். 1976இல்தான் எண்ணைத் தட்டிலிருந்து எடுத்து ஹெட்ஸ்டாக்குக்கு மாற்றினார்கள். ஆகவே எஃப் இருந்து எண் இல்லையென்றால் ஒன்று தட்டு மாறியிருக்கிறது, இல்லையென்றால் கிட்டார் 1972 இல்லை.

மற்ற அடையாளம் எல்லாம் பொருந்துகிறதே என்று கேட்பீர்கள். பொருந்தும், பொருந்துவதற்காகவே செய்தது. 1965இல் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை வாங்கிய கொஞ்ச நாளில் ஹெட்ஸ்டாக் பெரிதானது, 1971இல் மூன்று ஸ்க்ரூவும் புல்லட்டும் வந்தன, இதெல்லாம் 1981 வரை ஓடியது. 1982இல் ஃபெண்டர் ஜப்பான் என்று தனிக் கம்பெனி தொடங்கி, மாட்சுமோட்டோ நகரத்து ஃபூஜிஜென் தொழிற்சாலையில் பழைய மாடல்களை அப்படியே திரும்பச் செய்ய ஆரம்பித்தார்கள். அதில் எழுபதுகளின் ஸ்ட்ராட்டும் உண்டு, எஸ்டி72 என்று பெயர். பெரிய தலை, புல்லட், மூன்று ஸ்க்ரூ எல்லாம் அதிலும் இருக்கும். உங்கள் படத்தில் இருப்பது அதுதான் என்று என் மனசு சொல்கிறது.

போகும் முன் ஒரே ஒரு படம் கேளுங்கள். நெக்கின் பின்பக்கம், பாடியோடு சேருகிற இடத்துக்குச் சற்று மேலே, தட்டுக்குப் பக்கத்தில். ஜப்பான் கிட்டாரில் பல வருடங்கள் அங்கேதான் சின்ன எழுத்தில் மேட் இன் ஜப்பான் என்றும் நம்பரும் போட்டார்கள். விற்கிறவர் ஹெட்ஸ்டாக்கைப் பத்துப் படம் எடுப்பார், அந்த இரண்டு அங்குலத்தை மட்டும் எடுக்க மாட்டார். எழுத்தே இல்லை, ஆனால் அந்த இடம் மட்டும் மற்ற இடத்தைவிடப் பளபளப்பாகவோ மங்கியோ இருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், அப்புறம் அங்கே நிற்கவே நிற்காதீர்கள்.

ஸ்ட்ரம்மிங்சாமி

நம்பர் கிடைத்ததும் இணையத்தில் போட்டுப் பார்த்தால் வருடம் வந்துவிடுமே, இதற்கு இவ்வளவு பாடா?

பழையமரம்

வரும், தப்பாகவும் வரும். ஈ என்று தொடங்கும் எண் எண்பதுகளில் அமெரிக்காவிலும் உண்டு, ஜப்பானிலும் உண்டு, கொரியாவில் செய்த ஸ்குவையரிலும் (ஃபெண்டரின் விலை குறைந்த பிராண்ட்) உண்டு. எங்கே செய்தது என்று தெரியாமல் வெறும் எண்ணை வைத்து என்ன செய்வது? அமெரிக்காவிலேயே என்9 என்று தொடங்கினால் 1999 என்று நினைப்போம், ஆனால் 1990இல் அந்த எழுத்தைத் தவறாக ஒட்டிய கிட்டார்களும் வெளியே போயிருக்கின்றன. எம்என், எம்இசட், எம்எக்ஸ் என்றால் மெக்சிகோ, முறையே தொண்ணூறுகள், இரண்டாயிரங்கள், 2010க்குப் பிறகு. ஐசிஎஸ் என்றால் இந்தோனேசியாவில் கோர்ட் என்ற கம்பெனி செய்த ஸ்குவையர், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். இந்த மாதிரிப் புதியவற்றுக்கு இணையம் போதும். பழையதுக்கு எண் என்பது விசாரணையின் முதல் கேள்வி, அவ்வளவுதான். தட்டைக் கழற்றி வேறு தட்டு மாட்ட ஐந்து நிமிடம் ஆகுமா?

சாலிடர்புகை

ரிப்பேர் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை. உள்ளே பார்க்காமல் 1972க்கான பணம் கொடுக்காதீர்கள். தந்தியைத் தளர்த்தி பிக்கார்டின் (பாடியின் முன்பக்கப் பிளாஸ்டிக் தகட்டின்) பதினொரு ஸ்க்ரூவைக் கழற்றினால் வால்யூம், டோன் பாட்களின் (குமிழுக்கு அடியில் உள்ள மின்பாகங்களின்) முதுகு தெரியும். அதில் அச்சடித்த ஏழு இலக்கத்தைப் படியுங்கள். 1377214 என்று இருந்தால் 137 என்பது சிடிஎஸ் கம்பெனி, 72 வருடம், 14 வாரம். 304 என்றால் ஸ்டாக்போல் கம்பெனி. பாட் செய்த தேதிக்கு முன்னால் அந்த கிட்டார் வந்திருக்க முடியாது, பின்னால் எப்போது வேண்டுமானாலும் வந்திருக்கலாம். 1966இல் ஃபெண்டர் பாட்களை மொத்தமாக வாங்கிப் போட்டுவிட்டதால் அறுபதுகளின் கடைசி வரை செய்த கிட்டார்களில்கூட 66 பாட் வரும், அதைப் பார்த்துவிட்டு 66 மாடல் என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பாட் புதியதாக இருந்தால் உடனே போலி என்று சொல்லிவிடவும் கூடாது, கரகரவென்று சத்தம் வந்தால் நாங்களே மாற்றித்தான் கொடுப்போம். ஒயரை ஒட்டிய சாலிடரைப் (ஈயப் பற்றைப்) பாருங்கள். பழைய சாலிடர் மங்கலாகச் சாம்பல் நிறத்தில் இருக்கும், புதிதாகத் தொட்ட இடம் மின்னும், சுற்றி ஃப்ளக்ஸ் (சாலிடர் ஒட்ட உதவும் பசை) பழுப்பாகப் படிந்திருக்கும். நான்கு இடத்தில் மங்கல், ஒரு இடத்தில் மட்டும் மினுமினுப்பு என்றால் அந்த ஒயர் எங்கே போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பிக்கப்புக்குத்தான் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகத்துக்குத்தான்) போகும், அதாவது பிக்கப்பை மாற்றியிருப்பார்கள்.

ஜப்பான் கிட்டாரில் பல சமயம் பாட் சின்னதாக, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியதாக இருக்கும். அது தெரிந்தால் இந்தக் கேஸ் அங்கேயே முடிந்தது.

கோவைபேஸ்

எல்லாம் சரி, ஆனால் நம்மூரில் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்குப் போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் காபிகூடக் கொடுக்க மாட்டார்கள். வாசித்துப் பாருங்கள் என்பேன் நான். முதல் தந்தியையும் ஆறாவது தந்தியையும் கடைசி பிரெட் (நெக்கில் பதித்த உலோகக் கம்பி) வரை பார்வையால் தொடருங்கள், ஒரு பக்கம் விளிம்புக்கு வெளியே போகிறதா? மூன்று ஸ்க்ரூ நெக்கைக் கையால் லேசாக அசைத்தால் நகர்கிறதா? எழுபதுகளின் அசல் கிட்டார்களிலேயே இந்தத் தொல்லை நிறைய. பிரெட் தேய்ந்திருந்தால் மேப்பிள் நெக்கில் மாற்றுவது செலவு, மேல்பூச்சான லாக்கர் உரியும். ட்ரஸ் ராட் இன்னும் திரும்புகிறதா என்று கட்டாயம் கேளுங்கள், இறுதி வரை முறுக்கியிருந்தால் எந்த நாட்டில் செய்தது என்பதில் பயனில்லை.

இன்னொன்று, அசல் 72 என்றால், பெயிண்ட் மாற்றாமல், உள்ளே கை வைக்காமல் இருந்தால், இரண்டே முக்காலுக்கு யார் கொடுப்பார்கள்? விலையே கொஞ்சம் கதை சொல்கிறது.

சாலிடர்புகை

ஸ்க்ரூ டிரைவருக்குக் கோபப்படுகிறவரிடம் லட்சக்கணக்கில் வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி. "நீங்களே கழற்றுங்கள், நான் டார்ச் பிடிக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள்.

ஆறுதந்தி

எல்லோருக்கும் நன்றி. நெக் படம் கேட்டேன், ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை, இன்று காலை அனுப்பினார். மேட் இன் ஜப்பான், கீழே க்யூ எழுத்தும் ஆறு இலக்கமும். உப்புத்தாள் தடம் எதுவும் இல்லை. "மாமா ஜப்பானுக்கும் போயிருப்பார்" என்று ஒரு செய்தி கூடவே வந்தது.

பழையமரம்

க்யூ என்றால் 1993-94, ஃபூஜிஜென் காலம். கதைதான் கெட்டது, கிட்டார் கெடவில்லை. அந்த வருட ஜப்பான் ஸ்ட்ராட்டை நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன், வாசிப்பதற்காக என்றால் எழுபதுகளின் பாதி கிட்டார்களைவிட இது ஒழுங்காகவே இருக்கும். ஆனால் அந்த விலைக்கு இல்லை. எல்லா பாகமும் அதன் சொந்தப் பாகமாக இருந்து, பிரெட் நன்றாக இருந்தால் என்னைக் கேட்டால் ஒரு லட்சத்தைத் தாண்ட மாட்டேன். மாமா கதையை அவரிடம் வாதாடாதீர்கள், பேரம் கெட்டுவிடும். 94 ஜப்பான் எஸ்டி72 என்று மட்டும் சொல்லி, விலையைச் சொல்லிவிட்டு, பேசாமல் இருங்கள்.

கோவைபேஸ்

ஞாயிறு நானும் வருகிறேன், கிளம்பும் முன் ஒரு செய்தி போடுங்கள். ஸ்க்ரூ டிரைவர் என்னிடம் இருக்கிறது, ஆனால் பையிலேயே இருக்கட்டும், முதலில் காபி.