மைனஸ் அழுத்தம் அண்டத்தை எப்படி வேகமாக விரிக்கும்?

பாளை_வாத்தியார்:
கொக்கிரகுளம் அறிவியல் மையத்துல பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இருண்ட ஆற்றல் (அண்ட விரிவை வேகமாக்குறதுன்னு சொல்லுத ஆற்றல்) பத்திப் பேசணும். "அழுத்தம் மைனஸ்னா உள்ளதான இழுக்கணும், பெறவு எப்படி விரியுது?"ன்னு கட்டாயம் கேக்கும். கணக்கைக் குறைச்சு, ஆனா தப்பில்லாம எப்படிச் சொல்லலாம்? இருண்ட ஆற்றலுக்கு இன்னொரு விளக்கமான குவிண்டெசன்ஸையும் சேக்கணுமா?

பொதிகைச்சாரல்:
அண்ணாச்சி, தள்ளுது இழுக்குதுங்கிற பேச்சையே விட்டுருங்க. அழுத்தம் ஒண்ணைத் தள்ளணும்னா ரெண்டு பக்கமும் வித்தியாசம் வேணும். அண்டம் முழுக்க ஒரே அழுத்தம், அதனால அந்த விசை பூஜ்யம். மிஞ்சுறது ஈர்ப்பு ஒண்ணுதான். ஐன்ஸ்டைனோட ஈர்ப்புக் கொள்கையான பொதுச் சார்பியல்ல விரிவைக் குறைக்கிறது ஆற்றல் அடர்த்தி மட்டுமில்ல, ஆற்றல் அடர்த்தி + 3 × அழுத்தம். இந்தக் கூட்டுத்தொகை மைனஸ் ஆச்சுன்னா விரிவு முடுக்கம் எடுக்கும். அழுத்தத்தை ஆற்றல் அடர்த்தியால வகுத்தா வார டபிள்யூ, −1/3-க்குக் கீழ இருந்தாப் போதும்.

லாம்ப்டாவுக்கு, அதாவது வெற்றிடத்துக்கே உள்ள மாறாத ஆற்றலுக்கு, டபிள்யூ −1 ஏன்? போர்டுல ஒரு பிஸ்டன் வரைங்க, உள்ள வெறும் வெற்றிடம். சாதா வாயு விரிஞ்சா வேலை செஞ்சு ஆற்றலை இழக்கும். வெற்றிட அடர்த்தியோ மாறாது, ஒரு லிட்டர் கூடினா ஒரு லிட்டருக்கு உள்ள ஆற்றலும் கூடும். விரிஞ்சும் ஆற்றல் கூடுதுன்னா செஞ்ச வேலை மைனஸ், அப்போ அழுத்தம் = −ஆற்றல் அடர்த்தி. வேற வழியே இல்ல.

அளவையும் சொல்லிருங்க: கன மீட்டருக்குச் சுமார் 6 × 10^−27 கிலோ, நாலு ஹைட்ரஜன் அணு நிறைகூடத் தேறாது. பருப்பொருள் நீர்த்துப் போகும், இது போகாது. அதான் முடுக்கம் 500–600 கோடி வருசத்துக்கு முந்திதான் தொடங்கிச்சு.

வெற்றிடம்:
குவிண்டெசன்ஸ் அஞ்சு நிமிசம் போதும். மெதுவா உருளும் ஒரு புலம். நிலையாற்றல் ஓங்கினா டபிள்யூ −1-ஐ ஒட்டி வரும், ஆனா அதுக்குக் கீழ போகாது. இங்கதான் சிக்கல். 2025-ல வந்த டெசி (விண்மீன் மண்டலங்களை வரைபடமாக்குற ஆய்வு) முடிவுகள், நுண்ணலைப் பின்புலம் (பெருவெடிப்போட மிச்ச ஒளி), சூப்பர்நோவா (வெடிச்ச விண்மீன்கள்) மூணையும் சேத்துப் பொருத்தினா, டபிள்யூ முந்தி −1-க்குக் கீழ இருந்து இப்போ மேல ஏறின மாதிரி காட்டுது. சாதா குவிண்டெசன்ஸ் அதைத் தராது. ஆனா எந்த சூப்பர்நோவாத் தொகுப்பை எடுக்கோம்ங்கிறதப் பொறுத்து லாம்ப்டாவிலேர்ந்து விலகல் 2.8-லேர்ந்து 4.2 சிக்மா (தற்செயலா இருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவுங்கிற அளவு) வரை ஆடுது. 5 சிக்மா வராம "லாம்ப்டா செத்துட்டு"ன்னு சொல்லிராதீங்க.

ஈர்ப்பையே திருத்துற கொள்கையளுக்கு 2017-லயே பலத்த அடி. சுமார் 13 கோடி ஒளியாண்டு தூரத்துல நடந்த ஒரே நிகழ்வுலேர்ந்து ஈர்ப்பலையும் காமாக் கதிரும் 1.7 நொடி இடைவெளியில வந்து சேந்துட்டு. ரெண்டுக்கும் வேற வேற வேகம் கேட்ட மாதிரிகள் பலதும் அதோட போச்சு.

பாளை_வாத்தியார்:
பிஸ்டன் போதும், நன்றி. பாந்தியான்+ங்கிற சூப்பர்நோவாத் தரவை வச்சு ஹபிள் மாறிலியையும் (அண்டம் இப்போ விரியுற வேகம்) கண்டுபிடிக்கச் சொல்லலாமா?

பொதிகைச்சாரல்:
சூப்பர்நோவா மட்டும் வச்சு முடியாது. உள்ளார்ந்த பிரகாசமும் ஹபிள் மாறிலியும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கும். செபீட் (தூரம் அளக்க உதவுற துடிக்கும் விண்மீன்) அளவுகோல் இல்லாம பிரியாது. பருப்பொருள் பங்கை மட்டும் பொருத்தச் சொல்லுங்க, செம்பெயர்ச்சி (விரிவால ஒளி நீளுற அளவு) 0.01-க்குக் கீழ உள்ளதை நீக்கிருங்க. அங்கன விண்மீன் மண்டலங்களோட சொந்த ஓட்டமே கணக்கைக் கெடுத்துரும்.