படுக்கையறைக்கு எந்தச் சாம்பல்?

மாடிவீடு:
சென்னையில் பழைய வீடு. பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறை, வடக்குப் பார்த்த ஒரே ஜன்னல், ரெட் ஆக்சைடு தரை. பட்டி, பிரைமர் முடிந்தது. பழுப்பு கலந்த சாம்பலா, பச்சை ஓடும் சாம்பலா என்பதில் நிற்கிறோம். ஷேடு கார்டில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. திங்கட்கிழமை பெயிண்டர் வருகிறார்.

சுவர்க்கோழி:
பழுப்புதான். வடக்கு வெளிச்சம் கொஞ்சம் நீலம் தட்டும். அதில் பச்சைச் சாம்பல் சவக்களை கட்டிவிடும்.

ரசமட்டம்:
அது லண்டன்காரர்களுக்குச் சொன்ன யோசனை. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சிச் சூரியனே வடக்கே சாய்ந்துதான் நிற்கும். அந்த அறைக்கு இன்னும் சூடு ஏற்ற வேண்டுமா? பச்சையே அடியுங்கள்.

சுவர்க்கோழி:
சரி, ஐப்பசி மழை மூட்டத்தில் என்ன செய்வீர்கள்? அதை விடுங்கள், படுக்கையறையில் இருப்பதே ராத்திரிதான். என்ன லைட் போட்டிருக்கிறீர்கள்?

மாடிவீடு:
வெள்ளை எல்.இ.டி. டியூப். பெட்டியில் 6500கே என்று இருக்கிறது.

சுவர்க்கோழி:
அப்புறம் என்ன? அந்த டியூப்பே நீலம். பழுப்புதான் தாங்கும்.

ரசமட்டம்:
டியூப்புக்காகச் சுவரை மாற்றுவார்களா? மஞ்சள் வெளிச்சம் தரும் 3000கே பல்ப் போட்டால் போயிற்று. தரையை யாருமே பேசவில்லையே! சிவப்புத் தரையில் பட்ட வெளிச்சம் சுவரில் ஏறும். எங்கள் வீட்டில் பழுப்புச் சாம்பல் அடித்தோம். முழங்கால் உயரம் வரை செம்மண் கையால் தடவியது போல் இருந்தது.

சுவர்க்கோழி:
சிவப்புக்குப் பக்கத்தில் சாம்பல் பச்சை இன்னும் பச்சையாகத்தான் தெரியும். ஆஸ்பத்திரித் திரை மாதிரி வேண்டுமென்றால் தாராளமாக அடியுங்கள். எதற்கும் சாம்பிள் அடித்துப் பாருங்கள். நேரே பிரைமர் மேல் தீற்றாதீர்கள், வெள்ளைக்கு நடுவே எதுவும் அடர்த்தியாகத் தெரியும். பெரிய சார்ட் அட்டையில் ஓரம் விடாமல் இரண்டு கோட், ஒன்று தரையை ஒட்டி, ஒன்று கண் உயரத்தில்.

மாடிவீடு:
அடித்தாயிற்று. காலையில் பச்சை அவ்வளவு அழகு. டியூப் போட்டதும் பாசி படிந்த தொட்டி. பல்ப்பை மாற்றலாம் என்றால் அம்மா விடவில்லை. அந்த வெளிச்சத்தில்தான் அவருக்கு ஊசி கோர்க்க வருகிறதாம். பழுப்பே வாங்குகிறோம்.

ரசமட்டம்:
அம்மாவிடம் நான் வாதாட முடியாது. மேட் என்று கேட்டு வாங்குங்கள். பளபளப்பு இருந்தால் பட்டியின் மேடுபள்ளம் அத்தனையையும் அதே டியூப் காட்டிக்கொடுக்கும்.