மேலதிகாரி பாத்திரம் வெறும் கோபக்காரராகத் தெரிகிறார், என்ன செய்ய? (பேசுபவர்கள் புனைபெயரில்)

முதல்வரைவு:
1,500 சொல்லில் ஒரு சிறுகதை. மையப் பாத்திரம் ஒரு மேலதிகாரி. மூன்று காட்சி, மூன்றிலும் திட்டுகிறார், மேசையைத் தட்டுகிறார். படித்தவர்களுக்கு அவருடைய முன்கோபம்தான் தெரிகிறது, அதிகாரம் தெரியவில்லை. எங்கே இடிக்கிறது?

ஓரக்குறிப்பு:
சொன்னது நடக்காதவர்தான் கத்துவார். வாசகர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். இரண்டு காட்சிகளில் கத்தலை வெட்டிவிட்டு, எதிரே நிற்பவரை எழுதுங்கள். மேலதிகாரி நுழைந்ததும் பாதியில் நின்றுபோன பேச்சு, நாற்காலி காலியாக இருந்தும் உட்காராத ஆள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கோப்பைப் புரட்டிக்கொண்டிருக்க யாருக்கு முடிகிறதோ, அந்த அறை அவருடையது. 'அதிகாரத் தோரணையுடன்', 'கம்பீரமாக' மாதிரிச் சொற்கள் வந்தால் அடித்துவிடுங்கள். காட்சி செய்யவேண்டிய வேலையை அவை செய்யப் பார்க்கின்றன.

ஒற்றுப்பிழை:
வினைமுற்றையும் பாருங்கள். கதைசொல்லி 'சொன்னார்' என்று எழுதும்போதே மேலதிகாரிக்குக் கீழே போய் நின்றுவிடுகிறார். 'சொன்னான்' என்றால் கதைசொல்லி பயப்படவில்லை. எது வேண்டும் என்று முதல் வரிக்கு முன்பே முடிவு செய்யுங்கள். நடுவில் காரணமில்லாமல் மாறினால் பிழையாகத்தான் படும். உரையாடலில் மட்டும் மாற்றலாம்: கதை முழுக்க 'நீங்க' என்று பேசுகிறவர் ஒரே இடத்தில் 'நீ' என்றால், மேசையைத் தட்டவே வேண்டாம். இரண்டாவது தடவை வந்தால் பலம் போய்விடும்.

முதல்வரைவு:
அப்படியானால் அவரை எல்லா இடத்திலும் அமைதியாகவே வைத்துவிடலாமா?

பின்னட்டை:
வேண்டாம், அதுவும் தேய்ந்த அச்சு. அமைதியான கொடியவரைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அவர் யாருக்குப் பயப்படுகிறார் என்பதைக் கொண்டுவாருங்கள். ருஷ்ய எழுத்தாளர் செகாவின் 'பச்சோந்தி' (1884) சிறுகதை இதற்குச் சரியான பாடம். ஒருவன் விரலைக் கடித்த நாய் ஜெனரலுடையது என்று பேச்சு வந்ததும் போலீஸ் அதிகாரிக்குப் புழுங்குகிறது, மேலங்கியைக் கழற்றச் சொல்கிறார். இல்லை என்றதும் நாயின் மேல் பாய்கிறார். மறுபடி ஜெனரல் பெயர் அடிபட்டதும் குளிரெடுத்து மேலங்கியை மாட்டச் சொல்கிறார். ஜெனரல் கதைக்குள் வரவே இல்லை. உங்கள் மூன்றாம் காட்சியில் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். மறுமுனைக் குரலை எழுதாதீர்கள். இவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டதை மட்டும் எழுதுங்கள்.

ஒற்றுப்பிழை:
அந்த அழைப்பைக் கடைசிப் பத்தியில் வைக்காதீர்கள், திடீர்த் திருப்பமாகிவிடும். அதன் பிறகு கீழே இருப்பவரிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்பதற்கு ஒரு பத்தியாவது இடம் வேண்டும்.