ஸ்டார் கிளப் 1962: எந்தப் பிரதி மூல நாடாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது?

ரீல்_ராசா:
பீட்டில்ஸ் குழு 1962இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஸ்டார் கிளப்பில் வாசித்த பதிவுக்கு என்னிடம் இரண்டு டிஜிட்டல் பிரதிகள் இருக்கின்றன. ஒன்று 1977இல் வெளிவந்த எல்பி இசைத்தட்டிலிருந்து எடுத்தது. இன்னொன்றின் குறிப்பில் 'நேரடி நாடா, 1962 வசந்த காலம்' என்று போட்டிருக்கிறது. அது சற்று வேகமாகவும் ஓடுகிறது. நாடாவிலிருந்துதான் வந்ததா என்று எப்படிப் பார்ப்பது? வேகத்தை எதை வைத்துத் திருத்துவது?

பழையநாடா:
முதலில் தேதியைப் பார்த்துவிடலாம். அந்த 'வசந்த காலம்' எல்பி வெளியிட்டவர்கள் தரப்பு சொன்னது. இசைத்தட்டு நிறுவனமான ஈஎம்ஐயோடு பீட்டில்ஸுக்கு 1962 ஜூனில் ஒப்பந்தம். அதற்கு முந்தைய பதிவு என்றால் ஈஎம்ஐ உரிமை கோர முடியாது. ஆனால் பதிவே அதை மறுக்கிறது. டிரம்ஸ் வாசிப்பது ரிங்கோ ஸ்டார், அவர் குழுவில் சேர்ந்தது ஆகஸ்டில். பதிவில் வரும் 'ஐ சா ஹர் ஸ்டாண்டிங் தேர்' பாட்டு அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில்தான் எழுதப்பட்டது. பாட்டுகளுக்கு இடையிலான பேச்சில் கிறிஸ்துமஸ் வருகிறது. ஆக, டிசம்பர் 18 முதல் 31 வரை நடந்த கடைசி ஹாம்பர்க் பயணம்தான்.

பல கோப்புகளில் '31 டிசம்பர்' என்று ஒரே நாளைப் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போடாதீர்கள். பாடகர் கிங்சைஸ் டெய்லர் கேட்டுக்கொள்ள, கிளப்பின் மேடை மேலாளர் ஏட்ரியன் பார்பர் ஒரு க்ரண்டிக் வீட்டு ரெக்கார்டரில், மேடைக்கு முன்னால் ஒரே மைக் வைத்து, நொடிக்கு 3¾ அங்குல வேகத்தில் பிடித்தது இது. ஒன்றுக்கு மேற்பட்ட கச்சேரிப் பகுதிகள் இருக்கின்றன. ஒரே பாட்டு இரண்டு முறை வருவதால் மட்டும் இரண்டு இரவுகள் என்று ஆகிவிடாது; ஒரே இரவில் பல முறை மேடையேறுவது அங்கே வழக்கம். 'டிசம்பர் பிற்பகுதி' என்று எழுதினால் போதும்.

ஊசிமுனை:
நாடாவா எல்பியா என்பதற்கு எளிய சோதனை: 'டிக்' சத்தங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள். 33⅓ வேகத்தில் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 நொடி. 1.8 நொடிக்கு ஒருமுறை ஒரே மாதிரி சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் அது தட்டுதான், குறிப்பில் என்ன எழுதியிருந்தாலும். (வேகத்தை மாற்றியிருந்தால் இடைவெளியும் அதே விகிதத்தில் மாறியிருக்கும்.)

சத்தத்தைச் சுத்தம் செய்துவிட்டார்கள் என்றால் வெட்டு ஒட்டுகளைத் தேடுங்கள். 1977இல் பாட்டு வரிசையை மாற்றினார்கள். நாடா கெட்டிருந்த இடங்களையும் பதிவு முழுமையாக இல்லாத இடங்களையும் வெட்டி ஒட்டிச் சமாளித்தார்கள். அதே ஒட்டு அதே இடத்தில் உங்கள் 'நேரடி நாடா'விலும் இருந்தால் அதுவும் அந்தக் கலவையின் வாரிசுதான். பாட்டுப் பட்டியலையும் பாருங்கள்: அமெரிக்க எல்பியில் நான்கு பாட்டுகள் வேறு. 'ஷீலா', 'டில் தேர் வாஸ் யூ' இரண்டும் அதில் உண்டு, ஐரோப்பிய எல்பியில் இல்லை.

வேகத்துக்கு மின்சார ஹம் (மின்சாரத்தால் பதிவில் ஏறும் ரீங்காரம்) நல்ல அளவுகோல். ஹாம்பர்கில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஸ்பெக்ட்ரோகிராமில் (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் ஒலிக்கிறது என்று காட்டும் படம்) ஹம் கோடு 51.5இல் நின்றால் பதிவு 3% வேகம். சுருதி ஏறத்தாழ அரைச் சுரத்தில் பாதி ஏறியிருக்கும். வேகத்தை 0.971ஆல் பெருக்குங்கள். சுருதியை விட்டுவிட்டு டெம்போவை மட்டும் மாற்றும் கருவியைத் தொடாதீர்கள்; இரண்டும் சேர்ந்து இறங்க வேண்டும்.

ரீல்_ராசா:
50 பக்கம் ஒரே மங்கலாக இருக்கிறது. 60இல் மட்டும் ஒரு கோடு தெளிவாகத் தெரிகிறது.

ஊசிமுனை:
60 ஹாம்பர்கில் வந்திருக்க முடியாது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில், பெரும்பாலும் அமெரிக்காவில், யாரோ நகலெடுத்தபோது ஏறியது. அதை வைத்து வேகம் திருத்தினால் எல்லாம் கெட்டுவிடும். பதிவோடு சேர்ந்து அலைபாயும் கோடுதான் பழையது, அசையாமல் 60.0இல் நிற்பது பிற்பாடு சேர்ந்தது.

50ஐ மறைப்பது பேஸ் கிதார். அதன் கீழ் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். பாட்டுகளுக்கு நடுவே பேச்சு வரும் இடங்களை மட்டும் வெட்டி, 1000 ஹெர்ட்ஸ் மாதிரி வேகத்துக்கு இறக்கி, 8192 மாதிரிகள் கொண்ட ஜன்னலில் (ஒரே தடவையில் அலசும் துண்டு) ஸ்பெக்ட்ரோகிராம் போடுங்கள், 0.12 ஹெர்ட்ஸ் வரை பிரித்துக் காட்டும். 50ஐ விட்டு, ஹம் அதன் மூன்று மடங்கில் எழுப்பும் 150ஐப் பாருங்கள்; அங்கே பிழை மூன்று மடங்காகத் தெரியும், 3% என்றால் 154.5. 1977 வடிகட்டலில் ஹம் முழுக்கப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

பழையநாடா:
அப்படிப் போயிருந்தால் 'ஐ சா ஹர் ஸ்டாண்டிங் தேர்' ஈ (E) சுருதியில் நிற்கிறதா என்று பாருங்கள். அடுத்த சுரமான எஃப் (F) பக்கம் போனால் 6% வேகம். கிதார்கள் மேடையில் ஒத்துச் சேர்ந்திருக்குமே தவிர பொது அளவான 440 ஹெர்ட்ஸில் (ஏ சுரம்) சரியாக நிற்காது, அதனால் இது தோராயம்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். மொத்தத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டால், ஒரு பாட்டு சரியாகும்போது இன்னொன்று தப்பாகிவிடும். திருத்தாத கோப்பையும் பத்திரமாக வைத்திருங்கள்.