வீலுக்கப்: கண்ணுக்குத் தெரியும் குறியீடு ஃபார்முலாவுக்குத் தெரியவில்லை

கேள்வி:
எக்செலில் இரண்டு தாள்கள் வைத்திருக்கிறேன். "இருப்பு" என்ற ஒன்றில் பொருள் குறியீடு, பெயர், விலை. மற்றொன்றில் இந்த மாத விற்பனை. அதில் குறியீடும் எண்ணிக்கையும் மட்டுமே. விலையைக் கொண்டுவர, குறியீட்டை வேறொரு பட்டியலில் தேடி எடுத்துத்தரும் வீலுக்கப் ஃபார்முலாவை இப்படி எழுதிக் கடைசி வரை இழுத்துவிட்டேன்:

=வீலுக்கப்(ஏ2, இருப்பு!ஏ2:சி900, 3, ஃபால்ஸ்)

640 வரிசைகளில் 212 இடங்களில் #என்/ஏ (தேடியது கிடைக்கவில்லை என்ற பிழை) வருகிறது. மேலே அங்கொன்று இங்கொன்று; கீழே போகப் போக ஒரே பிழை மயம். 20417 என்று தேடினால் இரண்டு தாள்களிலும் கிடைக்கிறது. பிறகு ஏன் இப்படி? இரண்டு நாட்களாக இதோடு மல்லுக்கட்டுகிறேன்.

பதில் 1:
இஃப்எரருக்குள் அந்த ஃபார்முலாவை வைத்து, பிழை வந்தால் 0 காட்டச் சொல்லுங்கள். தாள் சுத்தமாகிவிடும்.

பதில் 2:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 212 பொருட்களின் விலை பூஜ்யமாகும், கூட்டுத்தொகை குறையும், யாருக்கும் சந்தேகம்கூட வராது. இஃப்எரர் எல்லாப் பிழைகளையும் விழுங்கும்; ஃபார்முலாவின் பெயரைத் தப்பாக அடித்திருந்தால் வரும் பிழையையும் சேர்த்து.

"கீழே போகப் போக" என்று நீங்கள் சொன்னதுதான் துப்பு. ஏ2:சி900 என்பதில், எல்லையை நகராமல் பிடித்து வைக்கும் டாலர் குறி இல்லை. ஒரு வரிசை கீழே இழுத்தால் அது ஏ3:சி901 ஆகிறது. 500ஆம் வரிசைக்கு வரும்போது, பட்டியலின் முதல் 498 பொருட்கள் தேடும் எல்லைக்கு வெளியே போய்விடும். எல்லையைத் தேர்ந்தெடுத்து எஃப்4 விசையை அழுத்துங்கள். $ஏ$2:$சி$900 என்று மாறும். பிறகு மீண்டும் இழுங்கள்.

ஃபால்ஸ் போட்டிருப்பது நல்லது. அதை விட்டிருந்தால் தோராயப் பொருத்தம் தேடியிருக்கும். பிழையே காட்டாமல் வேறொரு பொருளின் விலையை எடுத்துக் கொடுத்திருக்கும். அது இதைவிடக் கொடுமை.

கேட்டவர்:
212 இப்போது 58. மிக்க நன்றி! ஆனால் 20417 இன்னும் அடம்பிடிக்கிறது.

பதில் 2:
அந்தச் செல்லில் எண் இடப்பக்கம் ஒட்டியிருக்கிறதா? மூலையில் சிறு பச்சை முக்கோணம் தெரிகிறதா? அப்படியானால் அது எண் அல்ல, எண்போல் வேடமிட்ட எழுத்து. பக்கத்தில் =இஸ்நம்பர்(ஏ2) போட்டால் ஃபால்ஸ் என்று வந்து குட்டு வெளிப்படும். நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, மஞ்சள் எச்சரிக்கைக் குறியைச் சொடுக்கி, எண்ணாக மாற்றும் தேர்வைக் கொடுங்கள். செல் வடிவமைப்பை மட்டும் "எண்" என்று மாற்றினால் போதாது; உள்ளே இருப்பது மாறாது.

ஒரு எச்சரிக்கை: குறியீடுகள் 00417 போலப் பூஜ்யத்தில் தொடங்கினால் எண்ணாக மாற்றாதீர்கள், முன்பூஜ்யங்கள் போய்விடும். அப்போது இரண்டு தாள்களிலும் எழுத்தாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 3:
வீலுக்கப்பின் புதிய வடிவமான எக்ஸ்லுக்கப்புக்கு மாறிவிடலாமே? எக்செல் 2021இல் இருக்கிறது, தானாகவே சரியான பொருத்தத்தைத்தான் தேடும்.

பதில் 2:
மாறலாம். ஆனால் எழுத்தையும் எண்ணையும் அதுவும் ஒன்றாகப் பார்க்காது. நோய் தரவில் இருக்கிறது.

கேட்டவர்:
பூஜ்யத்தில் தொடங்கும் குறியீடு எதுவும் இல்லை, மாற்றிவிட்டேன். இப்போது 9 மிச்சம். இந்த 9 செல்களும் எண்ணாக மாற மறுக்கின்றன. கூடுதல் இடைவெளிகளை நீக்கும் டிரிம் போட்டும் பயனில்லை. செல்லில் எத்தனை எழுத்துகள் என்று எண்ண =லென்(ஏ388) போட்டால் 6 என்கிறது, ஆனால் குறியீட்டில் 5 இலக்கம்தான்!

பதில் 2:
அந்த ஆறாவது ஆள்தான் குற்றவாளி. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்தீர்களா? கடைசி எழுத்தின் குறி எண்ணைக் காட்டும் =கோட்(ரைட்(ஏ388,1)) போட்டுப் பாருங்கள். 160 என்று வந்தால் அது வேறு வகை இடைவெளி. டிரிம் நீக்குவது 32 எண்ணுள்ள சாதாரண இடைவெளியை மட்டும்தான். 160ஐ நீக்க இப்படி எழுதுங்கள்:

=சப்ஸ்டிட்யூட்(ஏ388, சார்(160), "")*1

கடைசியில் உள்ள *1 முக்கியம். அது இல்லாவிட்டால் விடை மறுபடியும் எழுத்தாகவே வரும்.

கேட்டவர்:
160தான்! *1ஐ விட்டுவிட்டு ஒருமுறை முயன்று, திரும்பவும் #என்/ஏ வாங்கிக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இப்போது 4 மட்டும். அவற்றைக் கண்ணால் தேடினாலும் இருப்புத் தாளில் கிடைக்கவில்லை.

பதில் 2:
அப்படியென்றால் அந்த 4 பிழைகள் உண்மையைத்தான் சொல்கின்றன. வேண்டுமானால் இஃப்என்ஏ போட்டு "பட்டியலில் இல்லை" என்று காட்டுங்கள். எக்செல் 2013 முதல் இருக்கிறது. #என்/ஏவைத் தவிர வேறு எதையும் மறைக்காது.

கேட்டவர்:
விசாரித்துவிட்டேன். நான்கும் புதிய பொருட்கள். விற்கத் தொடங்கியாயிற்று, விலையை யாரும் ஏற்றவில்லை. இப்போது ஏற்றிவிட்டேன்.