நடிகரும் நியூஸ் சேனலும் சொல்வதை நம்பாதவன் பழைய பஞ்சாங்கமா?

கொருக்குப்பேட்டை பழசு கேட்டது:

என் அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான். நல்ல பையன், ஆனால் எதைப் பேசினாலும் போனை நீட்டி "பாருங்க மாமா, இவரே சொல்லிட்டாரு" என்கிறான். அந்த இவர் பெரும்பாலும் ஒரு நடிகர், இல்லையென்றால் ராத்திரி விவாதத்தில் சத்தம் போடும் நெறியாளர். இப்போது ஹாலிவுட் வரை போய்விட்டான். அமெரிக்கத் தேர்தல் பற்றி ஏதோ ஒரு நடிகை பேசியதை வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்துகிறான். யாரோ எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேசுவது ஒரு தொழில், அதை மதிக்கிறேன், ஆனால் வரியைப் பற்றியும் எல்லையைப் பற்றியும் அவருக்கு என்னைவிட என்னப்பா அதிகம் தெரியும் என்று கேட்டால் நான் பழைய பஞ்சாங்கமாம்.

பழசுதான், மறைக்கவில்லை. புரட்டாசியில் கவுச்சி தொடமாட்டேன், பெரியவர்கள் எதிரில் கால் மேல் கால் போடமாட்டேன், வீட்டு விஷயத்தைத் தெருவில் பேசமாட்டேன். அதே மாதிரி மைக் பிடித்தவன் சொல்வதை எல்லாம் நம்பவும் மாட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது. 2017இல் எங்கள் ஆர்.கே. நகர் பட்ட பாடு ஊருக்கே தெரியும். ஏப்ரலில் நடக்க வேண்டிய இடைத்தேர்தலைப் பணப் பட்டுவாடா என்று தேர்தல் ஆணையம் ரத்து செய்தது, அப்புறம் டிசம்பரில் நடந்து, குக்கர் சின்னத்தில் நின்ற தினகரன் 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அத்தனை மாதமும் சந்துக்குச் சந்து கேமரா. வந்தவர்கள் எல்லாம் கேட்டது ஒரே கேள்விதான், எவ்வளவு கொடுத்தாங்க? சரக்கு ரயில் போகிற வரைக்கும் கேட்டில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டு நிற்பதை நானே இரண்டு பேரிடம் காட்டினேன். ஒருவர் தலையை ஆட்டிவிட்டு மைக்கை அடுத்த ஆள் பக்கம் திருப்பினார். இன்னொருவர் தலைகூட ஆட்டவில்லை.

என் கேள்வி இதுதான். நம்பாமல் இருப்பது தப்பா? நம்புவதென்றால் யாரை? தயவுசெய்து நீ எந்தக் கட்சி என்று மட்டும் கேட்காதீர்கள்.

டெக்சாஸ் ராயபுரத்தான்:

அண்ணே வணக்கம். பிறந்து வளர்ந்தது ராயபுரம், இப்போது இருப்பது டெக்சாஸ். எங்கள் தெருவில் பாதிப் பேர் உங்கள் ரகம்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச், பிள்ளைகள் "சார்" "மேடம்" போட்டுத்தான் பெரியவர்களிடம் பேச வேண்டும், டிவியில் ஹாலிவுட் ஆள் அரசியல் பேச ஆரம்பித்தால் ரிமோட்டைத் தேடுவார்கள்.

அவர்கள் சொல்லும் காரணத்தில் ஒன்றை உங்கள் மருமகனிடம் சொல்லுங்கள். 2024 ஜூன் நடுவில் ஹாலிவுட் நடிகர் ஜார்ஜ் குளூனி லாஸ் ஏஞ்சல்ஸில் பைடனுக்காகப் பெரிய நிதி திரட்டும் விழா நடத்தினார். ஜூன் 27 அன்று டிரம்போடு நடந்த விவாதத்தில் பைடன் தடுமாறியதை உலகமே பார்த்தது. ஜூலை 10 அன்று அதே குளூனி நியூயார்க் டைம்ஸில் கட்டுரை எழுதி, மூன்று வாரம் முன்னால் விழாவில் நான் பார்த்த பைடன் பழைய பைடன் இல்லை, தேர்தல் போட்டியிலிருந்து விலகிக்கொள்ளட்டும் என்றார். சரி, மேடையில் பக்கத்தில் நின்றபோதே தெரிந்ததல்லவா? அன்றைக்கு வசூல் நடந்துகொண்டிருந்தது, அதனால் வாய் திறக்கவில்லை. விவாதம் மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் இன்றுவரை சொல்லியிருப்பாரா என்பதுதான் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் கேள்வி. எனக்கும் அதற்குப் பதில் இல்லை.

ஆனால் இந்தக் கதையின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நானும் அந்த நெறியாளர் மாதிரிதான். நான் இங்குள்ள பழமைவாதிகளுக்குப் பிடித்த ஃபாக்ஸ் நியூஸ் பார்க்கிற ஆள். 2020 தேர்தலில் ஓட்டு எந்திரத்தில் மோசடி என்று அந்தச் சேனலில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எந்திரம் செய்த டொமினியன் கம்பெனி வழக்குப் போட்டது, உள்ளே நடந்த மெசேஜ் எல்லாம் கோர்ட்டுக்கு வந்தது. படித்தால், திரையில் வந்து உட்கார்ந்தவர்களே அந்தக் கதையை நம்பவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் நேயர்கள் போட்டிச் சேனலான நியூஸ்மேக்ஸுக்கு ஓடிவிடுவார்கள் என்று பயம். 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள். மரியாதையாகப் பேசுகிறான், நம்ம ஆள் என்று நாங்கள் நினைத்தவன் எங்களுக்குப் பிடித்ததைச் சொல்லி எங்களையே ஏமாற்றியிருக்கிறான். எதிர்க்கட்சிச் சேனல் பொய் சொன்னால் கோபம் வரும். இது வேறு மாதிரி எரிந்தது.

கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் பல வருடமாக இதைக் கேட்டு வருகிறது. பத்திரிகை, டிவி செய்தியை ஓரளவாவது நம்புகிறேன் என்று 1976இல் 72 சதவீதம் அமெரிக்கர்கள் சொன்னார்கள். 2025இல் 28 சதவீதம். அதனால் உங்கள் மருமகன் உங்களைப் பழசு என்று சொல்ல முடியாது, இந்த விஷயத்தில் ஊரோடு ஒத்துப் போகிறவர் நீங்கள்தான்.

வியாசர்பாடி வடக்கு:

ராயபுரம் அண்ணா, ரீகனை விட்டுவிட்டீர்களே. உங்கள் பழமைவாதிகள் தலையில் தூக்கிவைத்து ஆடும் ரொனால்ட் ரீகன் யார்? ஹாலிவுட் நடிகர், நடிகர் சங்கத் தலைவர். 1967இல் கலிபோர்னியா கவர்னர், 1981இல் ஜனாதிபதி. ஆக நடிகன் அரசியல் பேசுவதில் அவர்களுக்குக் குறை இல்லை, எதிர்ப்பக்கம் பேசினால்தான் ‘உனக்கு என்ன தெரியும்’ என்று வருகிறது. 1947இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று ஹாலிவுட்டில் கம்யூனிஸ்ட்டுகளைத் தேடியது. பதில் சொல்ல மறுத்த பத்துப் பேர் ஜெயிலுக்குப் போனார்கள், ஸ்டூடியோக்கள் அவர்களுக்கு வேலையே கொடுக்கவில்லை. அந்தக் குழுவின் முன்னால் போய் சாட்சி சொன்னவர்களில் ரீகனும் ஒருவர்.

அப்புறம், நம்ம ஊரில் உட்கார்ந்துகொண்டு சினிமாக்காரனுக்கு அரசியல் எதற்கு என்று கேட்பது வேடிக்கை. 1949 செப்டம்பர் 17 அன்று பவளக்காரத் தெருவில் திமுக தொடங்க முடிவெடுத்து, மறுநாள் ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டுகிற மழையில், முதல் கூட்டம் போட்டார்கள். அங்கே பேசிய அண்ணா நாடகமும் சினிமாக் கதையும் எழுதியவர். பெரியவரே, உங்கள் வயதுக்காரர்கள் "அந்தக் காலத்து அரசியல்" என்று ஏக்கமாகச் சொல்வதே சினிமாக்காரர்கள் நடத்திய அரசியல்தான்.

எனக்கும் சினிமா மேல் கோபம் உண்டு, ஆனால் வேறு கோபம். வடசென்னை என்றால் லுங்கி, கத்தி, கஞ்சா, கெட்ட வார்த்தை. வேலைக்கு இன்டர்வியூ போய் வியாசர்பாடி என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் லேசாக மாறும் பாருங்கள், அந்த முகத்தைச் செய்து கொடுத்தது சினிமா. 2024இல் அமெரிக்காவில் நடந்த உலக கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். எங்கள் பக்கம் எத்தனை தெருவில் கேரம் போர்டும் ஃபுட்பாலும் இருக்கிறது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

டெக்சாஸ் ராயபுரத்தான்:

தம்பி, ரீகன் விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் தேர்தலில் நின்றார், கவர்னராக வரி போட்டுத் திட்டும் வாங்கினார். படத்துக்கும் படத்துக்கும் நடுவில் ஒரு பேட்டி கொடுத்துவிட்டு மாளிகைக்குத் திரும்புகிறவரை அவரோடு சேர்க்காதே. கடைசியில் நீ சொன்ன முகம் இங்கேயும் உண்டு. தெற்கத்திப் பேச்சு வழக்கில் இழுத்துப் பேசினால் ஹாலிவுட் படத்தில் ஒன்று முட்டாள், இல்லையென்றால் கொலைகாரன். இங்கே உள்ளவர்களின் பாதிக் கோபம் அரசியல்கூட இல்லை, அதுதான்.

கேபிள் ஒயர்:

இருபது வருடத்துக்கு மேல் தண்டையார்பேட்டைப் பக்கம் கேபிள் இழுத்தவன், கொஞ்ச காலம் ஒரு சேனலில் ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலையும் பார்த்தேன். எந்தச் சேனல் என்று சொல்லமாட்டேன்.

ராத்திரி விவாதம் எப்படி நடக்கிறது தெரியுமா? மதியம் தலைப்பு முடிவாகும். அப்புறம் போன் போடுவோம். முதல் கேள்வி, விஷயம் தெரியுமா என்பது இல்லை, "சார் இதை எதிர்த்துப் பேசுவீங்களா, ஆதரிச்சுப் பேசுவீங்களா". இரண்டு பக்கமும் இருக்கிறது என்று நிதானமாகச் சொல்கிறவரை அடுத்த முறை யாரும் கூப்பிடுவதில்லை. இடைவேளையில் அதே நான்கு பேரும் ஒன்றாக டீ குடிப்பார்கள், பையன் எந்த ஸ்கூல் என்று விசாரிப்பார்கள், லைட் எரிந்ததும் மறுபடி அடித்துக்கொள்வார்கள். எனக்கு முதல் வாரம் அதிர்ச்சியாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

டிஆர்பிக்காகச் செய்கிறார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். முழுக்க உண்மை இல்லை. 2020 அக்டோபரில் மும்பை போலீஸ் டிஆர்பி மோசடி வழக்குப் போட்டதும் எந்தச் சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பு நியூஸ் சேனல் ரேட்டிங்கை நிறுத்தி வைத்தது, 2022 மார்ச்சில்தான் திரும்ப விட்டார்கள். ஒன்றரை வருடம் பக்கத்தில் மார்க்கே இல்லை. சத்தம் குறைந்ததா? நம்ம ஊரில் ஜெயா, கலைஞர், நியூஸ் ஜெ என்று பேரைப் பார்த்தாலே யார் பக்கம் என்று தெரிந்துவிடும், அதில் ஒரு நேர்மை இருக்கிறது என்பேன். நடுநிலை என்று போர்டு மாட்டியிருக்கிறவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும், விளம்பரம் யாருடையது என்று பார்த்தால் கொஞ்சம் புரியும்.

எண்ணூர்க்காரி:

எல்லோரும் அமெரிக்கா வரை போய்விட்டீர்கள், நான் எண்ணூர் விஷயம் சொல்கிறேன்.

2023 டிசம்பர் மாதம் எங்களுக்கு எப்படிப் போனது என்று நினைவிருக்கிறதா? மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கருப்பு. எங்கள் ஆண்கள் மக்கில் அள்ளி டிரம்மில் ஊற்றினார்கள், கையுறை பிறகு வந்தது. அந்த வாடை போவதற்குள் 26ஆம் தேதி நடு ராத்திரி அமோனியா. உரத் தொழிற்சாலையின் கடலுக்குள் போகும் குழாயில் கசிவு. எங்களுக்கு எந்தச் சேனலும் சொல்லவில்லை, எந்த சைரனும் அடிக்கவில்லை. எதிர்வீட்டு அக்கா கதவை உடைக்கிற மாதிரி தட்டி "புள்ளைங்கள தூக்கு" என்று கத்தியதுதான் செய்தி. கண் எரிச்சல், மூச்சை இழுக்க முடியவில்லை, ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு கிடைத்த வண்டியில் ஏறினோம்.

விடிந்ததும் எல்லாச் சேனலும் வந்தது, பொய் சொல்லமாட்டேன். தொழிற்சாலை வாசலில் ஊர் திரண்டு உட்கார்ந்தது, வரிசையாக வண்டி, குடை மாதிரி ஆன்டெனா. 28ஆம் தேதி காலை விஜயகாந்த் இறந்துவிட்டார். எங்கள் வீட்டிலும் அழுதோம், கேப்டன் என்றால் என் அப்பாவுக்கு உயிர். ஆனால் அன்றைக்கு மதியத்துக்குள் எங்கள் முன்னால் இருந்த கேமராக்கள் அவர் கட்சி அலுவலகம் இருக்கும் கோயம்பேட்டுக்குப் போய்விட்டன. அதற்கு அப்புறமும் பெரியகுப்பத்தில் எத்தனையோ நாள் பந்தலில் உட்கார்ந்தோம், திரும்பி வந்தவர்கள் விரல் விட்டு எண்ணலாம். ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போகும் ஒரு நிருபர் இருந்தார், பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்தபோதும் வந்தார். கேள்விக்குப் பதில் கேட்டீர்களே அண்ணா, நான் நம்புவது அவரை. எந்த பேப்பர் என்று பார்த்து நம்பவில்லை, இரண்டாவது முறை வந்தாரே, அதனால்.

இன்னொன்று, கோபிக்காதீர்கள். டிவியை நம்பாத பெரியவர்கள் பல பேர் வாட்ஸ்அப்பை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள். அமோனியா வந்த மறுநாள் எங்கள் குடும்ப குரூப்பில் சித்தப்பா ஒருவர் அனுப்பியது வேறு எங்கோ நடந்த தீ விபத்து வீடியோ. ஊரை விட்டு ஓடி வந்தவர்களுக்கே அனுப்புகிறார். போன் பண்ணிச் சொன்னேன், "இருந்தாலும் ஜாக்கிரதையா இருங்க" என்றாரே தவிர, அழிக்கவில்லை.

கொருக்குப்பேட்டை பழசு:

எல்லோருக்கும் நன்றி. வியாசர்பாடி தம்பி, அண்ணா பேசிய கூட்டங்களுக்கு என் அப்பா சைக்கிளில் போனவர், அதனால் உன்னிடம் வாயைத் திறக்க முடியவில்லை. ஆனால் அண்ணா மணிக்கணக்கில் நின்று காரணம் சொல்லிப் பேசுவார் என்பார் அப்பா, எதிரில் இருப்பவனைப் பேசவிடாமல் கத்தினார் என்று சொன்னதில்லை. அந்த வித்தியாசத்தைத்தான் நான் கேட்கிறேன்.

எண்ணூர் தங்கச்சி, அந்த நிருபரின் பேப்பர் எது என்று முடிந்தால் தனியாகச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குத்து எனக்கு இல்லை, எனக்கு அதில் குட்மார்னிங் பூப்படம் மட்டும்தான் அனுப்பத் தெரியும். குளூனி கதையை மருமகனிடம் சொன்னேன். உடனே கூகுளில் தேடிப் பார்த்துவிட்டு, "சரி மாமா, ஆனா அவர் கடைசியில உண்மையத்தானே சொன்னாரு" என்றான். அதற்கு என்ன சொல்வது என்று ராயபுரத்தார்தான் சொல்ல வேண்டும்.

கேபிள் தம்பி, எனக்கு ஒரு உதவி. பக்திச் சேனலும் பழைய பாட்டுச் சேனலும் போதும், இந்த நியூஸ் சேனல்களை எல்லாம் எடுத்துவிட்டால் மாதம் எவ்வளவு குறையும்?

கேபிள் ஒயர்:

பெரும்பாலும் ஒன்றும் குறையாது அண்ணே. தமிழ் நியூஸ் சேனல் முக்கால்வாசி இலவசச் சேனல், அடிப்படைக் கட்டணத்திலேயே வந்துவிடும். உங்களிடம் அவர்கள் காசு வாங்குவதே இல்லை.