டேப் எமுலேஷன் போட்டதும் கிக் கலங்குகிறது, ஹைஹாட் கீறுகிறது, ஹிஸ் ஏறுகிறது: எங்கே தப்பு?

கேள்வி:
டெக்னோ புராஜெக்ட், 14 டிராக், 44.1 கிலோஹெர்ட்ஸ். ஒவ்வொரு டிராக்கிலும் டேப் பிளக்இன் (பழைய டேப் ரெக்கார்டரின் ஒலியைப் போலச் செய்யும் மென்பொருள்) இருக்கிறது. டிரம் பஸ்ஸில் (டிரம் டிராக்குகள் சேரும் இடம்) ஒன்று, மாஸ்டரில் (மொத்தப் பாட்டும் வெளியேறும் இடம்) ஒன்று. எல்லாவற்றிலும் ஒரே செட்டிங்: 15 ஐபிஎஸ் (நொடிக்கு 15 அங்குலம்) வேகம், இன்புட் +6 டிபி, நாய்ஸ் (ஹிஸ் எனும் டேப் இரைச்சல்) ஆன், வாவ்–ஃபிளட்டர் (டேப் வேகத்தின் சிறு ஆட்டம்) பிரீசெட்டில் வந்தபடி. கிக்கின் அடித்தளம் 50 ஹெர்ட்ஸில். தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கிறது. பேஸோடு சேர்ந்தால் 150–250 ஹெர்ட்ஸ் பக்கம் சேறு மாதிரி ஆகிவிடுகிறது. ஹைஹாட் கண்ணாடியைக் கீறுவது போல. பிரேக்டவுனில் கிளாப்பின் வால் அடங்கும் இடத்தில் ஹிஸ் மட்டும் தனியே கேட்கிறது. இன்னொன்று: டிரம்மின் ஒரு நகலை செண்டில் இன்னொரு டேப்புக்கு அனுப்பி, மூல ஒலியோடு பேரலலாகக் கலந்தால் தடிக்கும் என்று பார்த்தால் மெலிகிறது. எதிலிருந்து தொடங்குவது?

பதில் 1:
லெவலிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான டேப் பிளக்இன்களில் 0 வியூ (வியூ மீட்டரின் இயல்பு அளவு) என்பது −18 டிபிஎஃப்எஸ், அதாவது டிஜிட்டல் உச்சவரம்புக்கு 18 டிபி கீழே. மேனுவலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், சிலவற்றில் மாற்றவும் முடியும். உங்கள் டிராக்குகள் ஏற்கெனவே −6 பக்கம் உச்சம் தொடுகிறதென்றால், அதன்மேல் +6 இன்புட் என்பது டேப்பை நசுக்குகிற அளவு. வியூ மீட்டரை நம்பி கிக்கை ஓட்டாதீர்கள். அதன் ஊசி எழும்ப 300 மில்லிசெகண்ட் எடுக்கும். அதற்குள் கிக்கின் தாக்கு முடிந்தே போயிருக்கும். கிக்குக்குப் பீக் மீட்டர் பாருங்கள், பிளக்இன்னுக்குள் போகும்போது உச்சம் −10 பக்கம் இருந்தால் போதும்.

இன்புட்டை எவ்வளவு ஏற்றுகிறீர்களோ அவ்வளவு அவுட்புட்டை இறக்குங்கள். அதைச் செய்யாமல் பைபாஸ் பட்டனைத் தட்டி ஒப்பிட்டால், சத்தம் கூடியதைத்தான் காது "நல்லா இருக்கு" என்று சொல்லும்.

ஹிஸ் எளிது. ஒவ்வொரு டிராக்கின் ஹிஸ்ஸும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதது, எனவே டிராக் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் 3 டிபி கூடும். 14 டிராக் என்றால் ஒன்றைவிடச் சுமார் 11.5 டிபி அதிகம். கடைசியில் லிமிட்டர் (உச்சங்களை அடக்கி மொத்த ஒலியை ஏற்றுவது) 6 டிபி தூக்கினால், அமைதியான இடத்தில் ஹிஸ்ஸும் அதே 6 டிபி மேலே வரும். எல்லா டிராக்கிலும் நாய்ஸை ஆஃப் செய்யுங்கள். வேண்டுமென்றால் மாஸ்டரில் மட்டும் ஒன்று இருக்கட்டும்.

பதில் 2:
கிக் விஷயம் தனி. அது ஹெட் பம்ப். 15 ஐபிஎஸ் என்றால் டேப் நொடிக்கு 38.1 செ.மீ. ஓடுகிறது. 60 ஹெர்ட்ஸின் ஒரு அலை டேப்பின் மேல் 6.35 மி.மீ. நீளம் பிடிக்கும். அலை இப்படி நீண்டு, டேப்பை வாசிக்கும் ஹெட்டின் முகத்தோடு ஒப்பிடக்கூடிய அளவுக்கு வரும்போது ரெஸ்பான்ஸ் (ஒவ்வொரு ஃப்ரீக்வன்சியும் கிடைக்கும் அளவு) மேடும் பள்ளமுமாக ஆகிறது. அந்த மேடுதான் பம்ப். அதற்குக் கீழே சரிவு. கிக் உங்கள் புராஜெக்டில் டிராக், டிரம் பஸ், மாஸ்டர் என மூன்று டேப்பைத் தாண்டுகிறது. ஒவ்வொன்றும் ஒரே இடத்தில் 2 டிபி ஏற்றினால் மொத்தம் 6 டிபி. சரிவும் மூன்று மடங்கு.

சேறு வருவது சாச்சுரேஷனால் (டேப் தாங்காமல் அலை நசுங்குவது). டேப்பில் ஒற்றைப்படை ஹார்மானிக்ஸ்தான் (அடிப்படை ஒலியின் 3, 5 மடங்குகள்) முன்னே நிற்கும். 50 ஹெர்ட்ஸுக்கு மூன்றாவது 150, ஐந்தாவது 250. நீங்கள் சொன்ன இடமேதான்.

கிக்கும் பேஸும் ஒரே டேப்பில் கலந்து போவது இன்னும் மோசம். பேஸ் 73 ஹெர்ட்ஸில் இருந்தால் 96, 27 ஹெர்ட்ஸில் புதிய சுரங்கள் பிறக்கும். இரண்டும் உங்கள் ராகத்திலும் இல்லை, ஸ்கேலிலும் இல்லை. மாஸ்டர் டேப்பில் இது முழுக்கத் தவிர்க்க முடியாது, அதனால் அங்கே டிரைவை (டேப்பை நசுக்கும் அளவை) குறைவாக வையுங்கள்.

"30 ஐபிஎஸ் சுத்தமானது, கிக்குக்கு அதுதான்" என்று பலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். வேகம் இரட்டித்தால் பம்ப்பும் இரட்டை ஃப்ரீக்வன்சிக்கு ஏறும், அடி அதற்கேற்ப முன்னதாகவே சரியும். 50 ஹெர்ட்ஸ் கிக் மெலிந்துவிடும். 30 ஐபிஎஸ்ஸை ஹைஹாட், பேடுக்கு (நீண்டு நிற்கும் பின்னணிச் சுரம்) வையுங்கள். கிக் டிராக்கில் டேப்பை எடுத்துவிட்டு, டிரம் பஸ்ஸில் இருக்கிற ஒன்றையே வேலை செய்ய விடுங்கள். பிளக்இன்னுக்குள் 20–200 ஹெர்ட்ஸ் சைன் ஸ்வீப் விட்டு அனலைசரில் பாருங்கள், உங்களுடையதில் மேடு சரியாக எங்கே என்று தெரிந்துவிடும்.

கேட்டவர்:
கிக் டிராக்கில் எடுத்தேன், மாஸ்டரில் இன்புட்டை 0 ஆக்கினேன், நாய்ஸ் எல்லாம் ஆஃப். சேறு போய்விட்டது, ஹிஸ்ஸும் இல்லை. ஸ்வீப்பில் மேடு 65 ஹெர்ட்ஸில் இருக்கிறது. ஹைஹாட்டும் பேரலலும் அப்படியே.

பதில் 3:
ஹைஹாட் கீறுவது அலையாசிங்காக (சாம்பிள் ரேட்டில் இடமில்லாத உயர் ஒலி மடங்கிக் கீழே விழுவது) இருக்கலாம். சோதனை இதுதான்: அதே பிளக்இன்னுக்குள் 9 கிலோஹெர்ட்ஸ் சைன் ஒன்றை விடுங்கள், நாய்ஸும் ஃபிளட்டரும் ஆஃப். மூன்றாவது ஹார்மானிக் 27 கிலோஹெர்ட்ஸ், 44.1இல் பாதியான 22.05க்கு மேல் இடமில்லை, அதனால் மடங்கி 17.1இல் விழும். ஐந்தாவது 45 கிலோஹெர்ட்ஸ், அது 900 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும். அனலைசரில் 9 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு கோடு எழுந்தால் சந்தேகமே வேண்டாம். ஓவர்சாம்பிளிங்கை (பிளக்இன் உள்ளே உயர்ந்த சாம்பிள் ரேட்டில் கணக்கிடுவது) 4 மடங்காக்குங்கள், கோடு தாழ்வதைக் கண்ணாலேயே பார்ப்பீர்கள். சிபியு தாங்காவிட்டால், ரெண்டருக்கு (பாட்டைக் கடைசியாக ஃபைலாக்குவது) மட்டும் உயர்ந்த தரம் வைக்கும் வசதி பல பிளக்இன்களில் உண்டு. சிலவற்றில் அப்போது ஒலி சற்று மாறும் என்பதால், ரெண்டர் ஆன ஃபைலை ஒருமுறை முழுசாகக் கேளுங்கள்.

பேரலலில் மூன்று சிக்கல் சேர்ந்து அடிக்கின்றன. ஃபிளட்டர் டேப் பாதையை ஓயாமல் முன்னும் பின்னும் நகர்த்துகிறது. டிரை (டேப் வழியே போகாத) சிக்னலோடு கலந்தால் ஃபிளாஞ்சர் எஃபெக்ட் மாதிரி சுழன்று கேட்கும். அதை முதலில் பூஜ்யமாக்குங்கள். அடுத்தது லேட்டன்சி. பிளக்இன் தன் தாமதத்தைச் சரியாக அறிவிக்காமல் 44 சாம்பிள் பிந்தினால், அது 1 மில்லிசெகண்ட். 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் பள்ளம் விழும். ஒரு சாம்பிள் மட்டுமே நீளமுள்ள கிளிக்கை இரண்டு பாதையிலும் ரெண்டர் செய்து பெரிதாக்கிப் பாருங்கள், விலகல் எத்தனை சாம்பிள் என்று எண்ணிவிடலாம்.

இவை இரண்டும் சரியான பிறகும் அடி மெலிந்தால், மீதி ஃபேஸ் (அலையின் ஏற்ற இறக்கம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது). ஹெட் பம்ப்பை உண்டாக்கும் ஃபில்டர் தாழ் ஒலியின் ஃபேஸைத் திருப்புகிறது. தாமதத்தைச் சரிசெய்து இதைத் தீர்க்க முடியாது. டிரை பாதையிலும் அதே பிளக்இன், அதே வேகம், டிரைவை மட்டும் அடிமட்டத்தில் வைத்துப் போடுங்கள். இரு பாதையும் ஒரே மாதிரி திரும்புவதால் கூட்டினால் கூடும். அல்லது பேரலல் பாதையில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். ஆனால் வெட்டும் ஃபில்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் ஃபேஸைத் திருப்பும், அதனால் முதல் வழியே மேல்.

கேட்டவர்:
900 ஹெர்ட்ஸில் கோடு இருந்தது. 4 மடங்கில் ஏறக்குறைய மறைந்தது, கீறலும் போனது. டிரை பாதையில் இன்னொரு டேப் போட்டதும் கிக் திரும்பி வந்தது. பேடில் மட்டும் ஃபிளட்டரை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ரெண்டரிலும் அதன் ஆட்டம் வேறு வேறாக வருகிறதே?

பதில் 3:
பல பிளக்இன்களில் அந்த ஆட்டம் தற்செயலாக ஓடும், பாட்டின் நேரத்தோடு கட்டப்பட்டிருக்காது. பேடை ஆடியோவாக பிரிண்ட் செய்யுங்கள். மூன்று நான்கு முறை எடுத்து, பிடித்ததை வைத்துக்கொண்டு பிளக்இன்னை ஆஃப் செய்துவிடுங்கள்.